பூட்டு, டெஸ்டர், அப்புறம்தான் கை

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பூட்டு' என்றால்தான் தெரியும். முடிவெட்டுகிறவர்கூட "என்ன பூட்டு, பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்றுதான் கேட்பார். இவரும் பெற்றவர்கள் வைத்த பெயரை மறந்துவிட்டவர் போல "ம்" என்று தலையை ஆட்டுவார்.

அனல் மின் நிலையத்தில் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் அவர். மோட்டாரில் கை வைக்கும் முன் அதன் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வேறொருவன் தெரியாமல் வந்து சுவிட்சைப் போட்டுவிட முடியாது. இது எல்லோருக்கும் உள்ள விதி. அவசரத்தில் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். இவரோ பூட்டாமல் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டார். பெல்ட் நின்று கரி குவிந்து மேலதிகாரி குதித்தாலும் "பூட்டிட்டு வந்துடறேன் சார்" என்பார்.

வீட்டிலும் அதே கூத்துதான். ஒரு பல்பு மாற்ற மெயினை அணைத்துவிட்டு, நான் போய்ப் போட்டுவிடக் கூடாதே என்று என்னைக் கையோடு கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்.

"நான் என்ன உங்களைக் கொல்லவா பாக்கறேன்?"

"உன் கோபத்துக்கு எதையும் சொல்ல முடியாதும்மா" என்பார் ஸ்டூலின் மேலிருந்து.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். நினைத்ததை உடனே சொல்லிவிடுவேன், அதன்பிறகுதான் யோசிப்பேன். அவர் நேர்மாறு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டினோம், நன்றாகத்தான் ஓடியது.

அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது அவருடைய அண்ணன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அதே நிலையத்தில் எலக்ட்ரிகல் ஃபோர்மேன், தொழிற்சங்கத்தில் செயலாளர், குரல் எடுத்தால் பாய்லர் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். தம்பியை வேலைக்குச் சேர்த்த அன்று அத்தான் சொன்னாராம்: "பூட்டு, டெஸ்டர், அப்புறம்தான் கை. பூட்டியாச்சு, டெஸ்டர் எரியலையா? கம்பி செத்துப்போச்சுன்னு அர்த்தம். பயப்படாம தொடு." டெஸ்டர் என்றால் பேனா மாதிரி ஒன்று, கம்பியின் பக்கத்தில் கொண்டுபோனாலே மின்சாரம் இருந்தால் சிவப்பாக எரிந்து கீச்கீச்சென்று கத்தும். இவருக்கு அண்ணன் சொன்னது வேதவாக்கு. எந்தச் சந்தேகம் வந்தாலும் சுவரைத் தட்டி "அண்ணா!" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து "என்னடா?" என்று பதில் வரும். இந்தச் சுவரில் காரை உதிர்ந்ததெல்லாம் இவர் தட்டித்தான்.

நிலையத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. பழைய யூனிட் ஒன்றை நிறுத்தினார்கள். அதற்குப்பிறகு, நிலையத்துச் சாம்பலைக் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன வெட்டவெளியில் சோலார் பேனல்களை வரிசையாக நட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. "கரி போனா ஊரே போச்சு" என்றார்கள் பாதிப் பேர். "ராத்திரி சூரியனை எங்க போய்த் தேடுவானுங்க?" என்று முடிவெட்டுகிறவர் கேட்டு, தானே சிரித்துக்கொண்டார். பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் வேறு மாதிரி பேசினார்கள். துணி காயப்போட்டால் கருக்காமல் இருக்குமே, பிள்ளைகளுக்கு இருமல் நிற்குமே என்று ஒருத்தி சொன்னால், இன்னொருத்தி "இருமல் நின்னு என்ன, அடுப்பு எரிய வேணாமா?" என்பாள். இரண்டு பேரும் சொன்னது சரிதான். நானே நிலையத்துச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். கரித்தூள் படிந்த உடுப்புகளை மிஷினில் போட்டால் முதல் அலசலுக்கு வரும் தண்ணீர் மை மாதிரி இருக்கும். அந்த மைத் தண்ணீரில்தான் எங்கள் சோறு இருந்தது.

சோலார் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று நோட்டீஸ் வந்தது. போகக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. யாரும் போகவில்லை. முதலில் போனது என் வீட்டுக்காரர்.

"ஏங்க, உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டேன்.

"எப்படியும் மூடத்தான் போறாங்க. நிலையத்துல இருக்கற நம்ம பசங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க? யாராவது ஒருத்தன் முன்னாடி போய்ப் பாத்து, 'வாங்கடா, பயமில்ல'ன்னு சொல்ல வேணாமா?"

"அந்த ஒருத்தன் நீங்களாத்தான் இருக்கணுமா?"

"நான் போனாத்தான் நம்புவாங்க. பூட்டே போயிட்டான்னா அங்க ஆபத்து இல்லன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அத்தான் சிரிக்கவில்லை. வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "கூடப் பொறந்தவனே முதுகுல குத்திட்டான். இனிமே இந்தப் பக்கம் அண்ணன்னு வராதே" என்றார். இவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் விடுவேனா? "உங்க சங்கம் வந்து எங்களுக்குச் சோறு போடுமா அத்தான்?" என்று கேட்டுவிட்டேன். அன்றோடு சுவருக்கு இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. என் ஓரகத்தி மட்டும் துணி காயப்போடும்போது கண்ணாலேயே ஏதாவது கேட்பாள், நானும் கண்ணாலேயே சொல்வேன்.

புது வேலைக்குப் போன முதல் நாள் இவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு என்று ஒன்று உண்டாம். நிலையத்தில் வேலை பார்த்த அனுபவம் இருப்பதால் இவருக்கு அது வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம்.

"எனக்கு வகுப்பே வேணாமாம்! உங்களுக்கு நாங்க என்ன சார் சொல்லித்தர்றதுன்னு கேக்கறாங்க."

"ரொம்பத்தான் தலைக்கு ஏறிடுச்சு" என்றேன். ஆனால் எனக்கும் பெருமையாக இருந்தது. அவர் சட்டையை வீட்டிலேயே துவைத்தேன். வாளியில் மண் நிறத்தில் கொஞ்சம் கலங்கியது, அவ்வளவுதான். ஒரே அலசலில் தண்ணீர் தெளிந்துவிட்டது. நான் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவர் சுவர் பக்கத்தில் போய் நின்றார். தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, காரையைச் சுரண்டுவது போல ஏதோ செய்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். என்ன கேட்க நினைத்தார் என்று நான் விசாரிக்கவில்லை. அண்ணனோடு பேசத்தான் ஏங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தி வந்தபோது நான் சலவைக்கூடத்தில் இருந்தேன். நல்ல வெயில். மிஷின் சத்தத்தில் மேஸ்திரி சொன்னது காதில் விழவில்லை. "என்ன? என்ன?" என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் போய் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். அப்படி அவர் மிஷினை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

பேனல்களிலிருந்து வரும் கம்பிகளெல்லாம் சேரும் பெட்டி ஒன்றில் எலி கடித்திருந்ததாம். சரிசெய்யப் போனவரைப் பெட்டியின் பக்கத்திலேயே விழுந்து கிடக்கக் கண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அவர் முகத்தைக் காட்டினார்கள். கையைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ரொம்பப் பணிவாகப் பேசினார்கள். பேச்சின் நடுவில் 'கவனக்குறைவு' என்ற சொல் வந்தது. எனக்குக் காது கேட்பது நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது.

"யாருக்கு?" என்றேன்.

"மேடம், விசாரணையில அப்படித்தான்..."

"யாருக்குக் கவனக்குறைவு? பல்பு மாத்த என்னைக் கூட்டிட்டு வந்து காவல் வைக்கிற மனுஷனுக்கா? எழுந்திருங்க. வெளிய போங்க."

அவர்கள் போனார்கள். ஆனால் அந்தச் சொல் போகவில்லை. டீக்கடைக்குப் போனது, குழாயடிக்குப் போனது. "பூட்டே கவனம் தப்பிட்டான்னா பாத்துக்கோயேன்" என்று பேசிக்கொண்டார்கள். மனிதர் போய்விட்டார், இனி வர மாட்டார். அது எனக்குத் தெரிந்தது. அவர் வாழ்நாளெல்லாம் காப்பாற்றிய ஒரே பெயரையும் சேர்த்துப் புதைக்கிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சோலார் மேட்டில் மேற்பார்வை பார்க்கும் இஞ்சினியர் பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயது. யாருக்கும் சொல்லாமல் ஒரு மத்தியானம் என்னைப் பார்க்க வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, அவர் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருந்தார். பெட்டியில சுவிட்சை அணைச்சு அவரோட பூட்டைப் போட்டிருந்தார். சாவி பாக்கெட்ல இருந்தது. டெஸ்டர் பக்கத்துலயே கிடந்தது, பாத்துட்டுத்தான் கை வச்சிருக்கார்."

"அப்புறம் எப்படிம்மா?"

"நீங்க வேலை செய்ற இடத்துல சுவிட்சை அணைச்சா கரண்ட் நின்னுடும். இங்க சுவிட்சுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கும். இந்தப் பக்கம் பேனல் இருக்கு. வெயில் அடிக்கிற வரைக்கும் அதுல கரண்ட் வந்துட்டேதான் இருக்கும், யாராலயும் அணைக்க முடியாது. அதுவும் பேட்டரில வர்ற மாதிரி டிசி கரண்ட். அவர் வச்சிருந்த டெஸ்டர் வீட்டுக்கு, மோட்டாருக்கு வர்ற ஏசி கரண்டுக்கு மட்டும்தான் எரியும். இதுக்கு எரியாது. வகுப்புல முதல் நாளே இதைத்தான் சொல்லுவோம் அக்கா. அவரை வகுப்புக்கு அனுப்பவே இல்ல."

அன்று நான் அழுத மாதிரி அவர் இறந்த அன்றுகூட அழவில்லை. வகுப்பே வேண்டாமாம் என்று என் முன்னால் நின்று அவர் சிரித்தது கண்ணிலேயே நின்றது.

இதற்குள் சங்கத்தில் பேனர் தயாராகிவிட்டது. நிலையத்தை முழுதாக மூடுவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க அதிகாரிகள் கூட்டம் போட்டிருந்தார்கள். அங்கே பிடிப்பதற்காக என் வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக அடித்து, 'வெயில் மின்சாரம் வாங்கிய முதல் பலி' என்று கீழே எழுதியிருந்தார்கள். அத்தானே அதை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். வாசலில் நின்று இரைந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அன்றுதான். கண்ணெல்லாம் சிவந்து, தாடியும் மழிக்காமல் பார்க்கவே சகிக்கவில்லை.

"நீ வந்து ரெண்டு வார்த்தை பேசும்மா. அவனைக் கொன்னுட்டானுங்கன்னு சொல்லு. ஒரு பேனலும் இங்க நிக்கக் கூடாது."

தம்பி எதற்காக அங்கே போனார் என்பதற்கு நேரெதிராக அத்தான் அவர் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். அது அத்தானுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அந்தப் பேனரில் இறக்கி வைத்திருந்தார். அதனால்தான் அதைக் கிழித்துப் போடாமல் விட்டேன்.

"வர்றேன் அத்தான். ஆனா எனக்குத் தெரிஞ்சதைத்தான் பேசுவேன்" என்றேன்.

கூட்டம் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. உட்கார இடமில்லை. மேடையில் அதிகாரிகள், ஒரு ஓரத்தில் கம்பெனிக்காரர்கள். ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். கரிதான் எங்கள் உயிர் என்றார் ஒருவர். என் மகனுக்கு மூச்சு வாங்குகிறது, எப்போது மூடுவீர்கள் என்றாள் ஒருத்தி, அவளைப் பேச விடாமல் கத்தினார்கள். முடிவெட்டுகிறவர் எழுந்து, "மூடுங்க, மூடாதீங்க, எங்க தலையை மட்டும் மொட்டையடிக்காதீங்க" என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. பேனரைத் தூக்கிக்கொண்டு அத்தான் முன்வரிசையில் நின்றார்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன்.

"என் வீட்டுக்காரரை வெயில் கொல்லல. கவனக்குறைவுன்னு கம்பெனி சொல்லுது, அது பச்சைப் பொய். நிலையத்துல எது விதியோ அதை ஒண்ணு விடாம அங்க போயும் செஞ்சார். சுவிட்சை அணைச்சார். பூட்டுப் போட்டார். டெஸ்டர் வச்சுப் பாத்தார். அது எரியல. அப்புறம்தான் கை வச்சார். அந்தப் பேனல் பூட்டுக்கு அடங்காது, அந்த டெஸ்டருக்கு அது தெரியாதுன்னு அவருக்கு யாரும் சொல்லல. வகுப்பே வேணாம்னு அனுப்பிட்டீங்க."

கம்பெனிக்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வெறி ஏறியது. இன்னும் உரக்கச் சொன்னேன்.

"கவனம் இல்லாதவரா அவர்? அவருக்கு வேலை கத்துக்கொடுத்தவர் இதோ நிக்கறார், அவரையே கேளுங்க! பூட்டு, டெஸ்டர், அப்புறம்தான் கை. டெஸ்டர் எரியலன்னா கம்பி செத்துப்போச்சு, பயப்படாம தொடு. அண்ணன் சொல்லிக்கொடுத்ததைச் சாகற வரைக்கும் அப்படியே செஞ்ச மனுஷன் அவர்!"

பெருமையாகத்தான் சொன்னேன். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேன். சொல்லி முடித்து முன்வரிசையைப் பார்த்தேன். அத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. பேனரின் கழி அவர் கையிலிருந்து நழுவியது. பக்கத்தில் இருந்தவர் தாங்கிப் பிடித்தார், கழியையா அத்தானையா என்று எனக்குத் தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்தது அவர்மேல் எங்கே போய் விழுந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொட்டிய சொல்லை அள்ளவா முடியும்?

பின்னால் பெல்ட்டில் வேலை செய்கிற ஒருவர் எழுந்து, "நாங்க அங்க போனா எங்களுக்கு அந்த வகுப்பு உண்டா?" என்று கேட்டார். அதிகாரி "கண்டிப்பா பரிசீலிப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்காகவே சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் கவனக்குறைவு என்று பேசவில்லை. பேனரையும் யாரும் தூக்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அத்தான் சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார். வேலைக்கும் போகவில்லை. ஒரு காலை என் ஓரகத்தி வந்து கதவைத் தட்டினாள்.

"நீ வந்து பேசு. எதுவும் சாப்பிட மாட்டேங்கறார். நான் பேசினா என் முகத்தைக்கூடப் பாக்க மாட்டேங்கறார்."

போனேன். சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுச் சுவர். எதிரே தட்டில் போட்டது அப்படியே ஆறியிருந்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தான், நான் உங்களைக் குத்தம் சொல்லல. அந்த அர்த்தத்துல சொல்லல."

"தெரியும்மா." என்றார். "அங்க வேற மாதிரின்னு எனக்கும் தெரியாது. ஆனா பேசிட்டு இருந்திருந்தா அவன் கேட்டிருப்பான். 'அண்ணா, அங்க டெஸ்டர் எரியவே மாட்டேங்குது, ஏன்'னு கேட்டிருப்பான். எல்லாத்தையும் என்கிட்டதானே கேப்பான். எனக்கும் தெரியாதுடா, நாளைக்கு யாரையாவது கேட்டுட்டுத் தொடுன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் வேண்டியிருந்தது."

அந்தச் சாயங்காலம் சுவர் பக்கத்தில் இவர் கையைத் தூக்கியதை நான் அவரிடம் சொல்லவில்லை. என் வாழ்நாளில் வாய்வரை வந்த ஒன்றை நான் விழுங்கியது அப்போதுதான்.

"சாகும்போது பயந்திருப்பானாம்மா?" என்று கேட்டார்.

பயந்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஏன் பயந்திருக்க மாட்டார் என்பதும் தெரியும். என்னிடம் இருந்த ஒரே ஆறுதல் அதுதான், அதை இந்த மனிதரிடம் சொல்ல வழியில்லை. தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "ஒரு வாய் சாப்பிடுங்க அத்தான்" என்றேன்.

அவர் தட்டைப் பார்க்கவில்லை.

"பயந்திருக்க மாட்டான். நான்தான் பயப்படாதேன்னு சொல்லி வச்சிருந்தேனே" என்றார்.